ஓடி நின்றபின் வந்த இருமல்

அன்பு அமலுக்கு,

நேற்று ஊரப்பாக்கத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேனாம். செங்கல்பட்டு தாண்டும்வரை பொறுத்துப் பார்த்த உன் அம்மா, "இன்னா, சம்மந்தி வூட்டு பாயசத்துல எதனா கலந்துட்டாங்களா?" என்று கேட்டாள். சிரிக்காமல் என்ன செய்வது? மோதிரம் மாற்றக் குனிந்த உன் சட்டைப் பையிலிருந்து அந்த நீலக் குழல் விழுந்து, உருண்டு, இத்தனை பேரை விட்டுவிட்டு நேராகச் சம்பந்தி அம்மாவின் காலடியில் போய் நின்றதே, அந்த நிமிடம் எனக்கு உயிரே இல்லை. அந்த அம்மா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மாப்ளைக்கு இன்னா சம்மந்தி இது?" என்றார்கள். நிச்சயம் இத்தோடு போயிற்று என்றே நினைத்தேன். உனக்குச் சின்ன வயதில் ஓடினால் இருமல் வரும், செங்கல்பட்டு டாக்டரிடம் காட்டினோம், ஓடுவதற்கு முன்னால் இதில் மருந்தை இழுத்துக்கொண்டால் ஒன்றும் வராது என்று நான் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன். "அவ்ளோதானா? எங்க ஸ்டெல்லாவுக்கு பரண்ல துடைப்பத்தை வச்சாலே இருவது தும்மல்" என்று சொல்லிக் குழலை உன் கையில் கொடுத்துவிட்டார்கள். ஸ்டெல்லா வேறு உன்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

ஆனால் நான் அங்கே சொன்னது பாதிக் கதைதான். மீதிப் பாதி உனக்கும் தெரியாது, உன் அம்மாவுக்கும் இன்று காலை வரை தெரியாது. வருகிற ஞாயிறு கோயிலில் உன் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசிக்கப் போகிறார்கள். மூன்று ஞாயிறு போனால் உனக்கென்று ஒரு வீடு வந்துவிடும். அதற்குள் சொல்லிவிட வேண்டும். இத்தனை வருடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருக்கிறேன்; கெட்ட வார்த்தை பேசியதையெல்லாம் வரிசையாகச் சொல்லியிருக்கிறேன்; இதை மட்டும் சாமியாரிடம் சொன்னதில்லை. இது பாவமா முட்டாள்தனமா என்று எனக்கே பிடிபடவில்லை. முட்டாள்தனத்துக்கு சாமியார் என்ன செபம் கொடுப்பார்?

நான் அணு ஆலையில் லாண்டரியில் இருந்தேன் என்று உனக்குத் தெரியும். அங்கே என்ன துவைத்தேன் என்று நீ கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. உள்ளே வேலைக்குப் போகிறவர்கள் மேலே மாட்டிக்கொண்டு போகும் அங்கி, காலுறை, கையுறை எல்லாம் எங்களிடம்தான் வரும். என் அப்பா பிறர் வயலில் நாற்று நட்டவர். நமக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் நான். அந்த வேலை எனக்குக் கோயில் மாதிரி. வேலை முடிந்து வெளியே வரும்போது கையையும் காலையும் கதிர்வீச்சு பார்க்கிற ஒரு இயந்திரத்தில் வைக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் வீட்டுக்குப் போகலாம். உள்ளே போட்ட எதையும் வெளியே கொண்டுவர முடியாது. குளித்து, சொந்த உடை மாற்றிக்கொண்டுதான் வருவோம். வருடக்கணக்காக எனக்குப் பச்சைதான் எரிந்தது.

ஒரு நாள் சிவப்பு எரிந்தது. வலது கையில் ஏதோ ஒட்டியிருந்தது. பாதுகாப்புப் பிரிவில் மூர்த்தி சார் என்று ஒருவர் இருந்தார், நல்ல மனுஷர். பக்கத்திலேயே நின்று கையைத் தேய்த்துக் கழுவச் சொன்னார். மூன்றாவது முறை பச்சை எரிந்தது. "போப்பா, ஒண்ணும் இல்ல, வூட்டுக்குப் போய் துன்னுட்டுப் படு" என்றார். நானும் வந்துவிட்டேன், மறந்தும்விட்டேன். நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. அதே வாரம் சனிக்கிழமை உங்கள் பி.டி. மாஸ்டர் பையன்களைச் சதுரங்கப்பட்டினம் கோட்டை வாசல்வரை ஓடித் திரும்பச் சொல்லியிருக்கிறார். நீ மூன்றாவதாக ஓடி வந்தாய். நான் வேலியோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்து நின்று சிரித்தாய். அப்புறம் இருமல் ஆரம்பித்தது. வளைந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை இருமினாய். நெஞ்சுக்குள்ளிருந்து சன்னமாக ஒரு விசில் சத்தம் கேட்டது. என் வலது கையைப் பார்த்தேன். அந்த நொடியில் எனக்குள் ஒன்று விழுந்தது, நாலு வருடம் எழுந்திருக்கவில்லை.

எனக்கு விவரம் தெரியாது என்று சொல்ல மாட்டேன். வருடா வருடம் வகுப்பு எடுப்பார்கள், படம் போட்டுக் காட்டுவார்கள், பரீட்சைகூட உண்டு. எல்லாவற்றிலும் பாஸ். ஆனால் தலைக்குத் தெரிந்தது வயிற்றுக்குத் தெரியவில்லை. நான்தான் எதையோ வீட்டுக்குக் கொண்டுவந்து உன் நெஞ்சில் போட்டுவிட்டேன் என்று வயிறு சொன்னது. அடுத்த நாளே புதுப்பட்டினம் கடைத்தெருவில் பிளீச்சிங் பவுடர் வாங்கினேன். வேலைக்குப் போட்டுப் போகிற சட்டையை, கைலியை, துண்டை எல்லாம் அதில் ஊற வைத்தேன். தரையை அதில் துடைத்தேன். உன் பள்ளிச் சட்டை, தலையணை உறை, போர்வை, ஒன்றையும் விடவில்லை. அந்த வாளி குளியலறையில் எப்போதும் இருக்கும். குளியலறைக்கும் நீ படுக்கிற அறைக்கும் நடுவே ஒரு பலகைக் கதவு, அதுவும் சரியாக மூடாது. கடைக்காரர் ஒரு நாள், "அண்ணாத்த, மாசத்துக்கு இத்தினி வாங்குறியே, வூட்ல எத்தினி கெணறு கீது?" என்று கேட்டார். உன் அம்மா எனக்குச் சுத்தப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். நானும் ஆமாம் என்று சேர்ந்து சிரித்தேன்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. உன்னைத் தொடுவதை விட்டுவிட்டேன். இதைத்தான் நான் எழுத வந்தேன், எழுதிவிட்டேன். சாயங்காலம் சைக்கிள் மணி கேட்டதும் "நைனா" என்று கத்திக்கொண்டு வருவாய். "தள்ளி நில்லு, தள்ளி நில்லு" என்று கையைக் காட்டுவேன். குளித்துவிட்டு வந்த பிறகும் உன் பக்கம் உட்கார மாட்டேன். உனக்குத் தலை வாருவதை, முடி வெட்டக் கூட்டிப்போவதை எல்லாம் அம்மாவிடம் தள்ளிவிட்டேன். மாமல்லபுரத்துக்கு மாதா திருவிழா முடிந்து ஒரு தடவை போனோமே, கடற்கரை மணலில் எல்லா அப்பாக்களும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அலை பார்த்தார்கள். நீ கையை உயர்த்தினாய். "கால் வலிக்குது" என்று சொல்லிவிட்டேன். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. காலில் ஒரு வலியும் இல்லை.

இருமலுக்கு ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கடல் காற்று என்றான் ஒருவன். மீன் என்றாள் உன் அத்தை. பையன் சோம்பேறி, ஓட்டத்துக்கு மட்டம் போடப் பார்க்கிறான் என்றார் உன் மாஸ்டர். அம்மா ஓமவல்லிச் சாற்றில் தேன் குழைத்து நாக்கில் தடவினாள். நான் எல்லோரும் சொன்னதற்கும் தலையாட்டினேன், ஏனென்றால் அவர்களில் யாராவது ஒருவர் சொல்வது நிஜமாக இருக்க வேண்டுமே என்று இருந்தது. ஆலை ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். உன்னை அங்கே கூட்டிப் போகவில்லை. என்ன வேலை செய்கிறாய் என்று டாக்டர் கேட்பார், எழுதுவார், பிறகு நான் பயந்தது உண்மையாகிவிடும், வேலையும் போய்விடும். இரண்டில் எதற்கு அதிகம் பயந்தேன் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில், இவனை ஓட விடாதீர்கள் என்று பள்ளிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகள் எல்லாம் கோட்டைப் பக்கம் ஓட, நீ வேப்பமரத்தடியில் அவர்களுடைய செருப்புக்குக் காவல் உட்கார்ந்தாய். ஓட்டத்தில் மூன்றாவதாக வந்த பிள்ளையை நான் உட்கார வைத்தேன்.

நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது பக்கத்து வீட்டுப் பையனிடம் மதில் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாய். "எங்க நைனாவுக்கு என்னிய புடிக்காதுடா. எனுக்கு இழுப்பு வருதுல்ல, அதான்." சாதாரணமாகச் சொன்னாய், மழை பெய்கிறது என்கிற மாதிரி. அம்மாவும் அதைக் கேட்டுவிட்டாள். உள்ளே வந்து என் முன்னால் நின்றாள். "நாளைக்கு செங்கல்பட்டுக்கு இட்டுகினு போறேன். வர்றதுன்னா வா, இல்லாங்காட்டி வாளிய கட்டிகினு வூட்லயே கெட." போனேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் நீங்கள் இருவரும் முன்னால், நான் மூன்று சீட் தள்ளி. குற்றவாளியைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகிற மாதிரிதான் இருந்தது, விலங்கு மட்டும் இல்லை.

அந்த டாக்டரம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும். குள்ளமாக, கறாராக. முதல் கேள்வியே உன்னிடம்தான் கேட்டார். "ஓடும்போதே இருமல் வருதா, நின்னப்புறம் வருதா?" நீ யோசித்து, "நின்னப்புறம்தான் டாக்டர், கொஞ்ச நேரத்துல ஜாஸ்தியாவும்" என்றாய். நாலு வருடத்தில் இந்தக் கேள்வியை உன்னிடம் ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான். ஒரு குழாயில் ஊதச் சொன்னார், அதில் முள் ஏறியதைக் குறித்துக்கொண்டார். பிறகு மாடிப்படியில் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓட வைத்தார். நான் கீழே கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். இருமல் வந்தது. மறுபடி ஊதச் சொன்னார், முள் பாதியில் நின்றது. மருந்தை இழுக்க வைத்து, கால் மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொன்னார். முள் பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. நீ சத்தமாகச் சிரித்தாய்.

ஓடினால் இருமுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே வியாதி இல்லை என்று அவர் எங்களுக்குப் பொறுமையாகச் சொன்னார். சிலருக்கு மூக்குச் சளி தொண்டைக்குள் ஒழுகி இருமலாகும். சிலருக்குச் சாப்பிட்ட உடனே ஓடினால் வயிற்றுப் புளிப்பு மேலே ஏறும். சிலருக்கு மூச்சை உள்ளே இழுக்கும்போது குரல்வளையே இறுகி அடைத்துக்கொள்ளும், அதற்கு இந்த மருந்து கேட்காது. அபூர்வமாக இதயக் கோளாறு இருக்கும், ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ அதை முதலில் பார்க்க வேண்டும். ஒன்றுமே இல்லாமல், பழக்கமில்லாமல் ஓடி இரைக்கிறவர்களும் உண்டு. "உங்க பையனுக்கு மூச்சுக்குழாய் சுருங்குது. ஆஸ்துமா. ஓடும்போது காத்து வாய் வழியா வேகமா போய் குழாய காய வைக்குது, அது சுருங்கிக்குது. மருந்து போட்டா திறந்துக்குது, பாத்தீங்கல்ல?" என்றார். ஓடக் கூடாதா என்று அம்மா கேட்டாள். "யார் சொன்னா? ஓடணும்" என்றார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் கேட்டார், வீட்டில் புகை உண்டா, கொசுவத்தி உண்டா, நாய் பூனை உண்டா என்று. அம்மா எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். "வாசனை எதனா?" "பிளீச்சிங் பவுடர்தான் டாக்டர். இவுரு நாள் பூரா அதத்தான் கரைச்சிகினு கெடப்பாரு." டாக்டரம்மா மேஜையைத் தாண்டிக் குனிந்து என் சட்டையை மோந்து பார்த்தார், தாயாணை. "லீவுக்கு வெளியூர் போவானா?" என்றார். மே மாதம் திண்டிவனத்தில் அத்தை வீட்டுக்குப் போவான் என்றாள் அம்மா. நீ குறுக்கே புகுந்தாய்: "அங்க ஓடுனா அவ்ளோ வராது டாக்டர். ஏரிக்கரைல தெனம் ஓடுவேன், நைனாகிட்ட சொல்லல." எனக்குத் தெரியாமல் ஓடியிருக்கிறாய்! அதற்கு நான் எத்தனை ஸ்தோத்திரம் சொன்னேன் தெரியுமா?

உங்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டு நான் மட்டும் உட்கார்ந்தேன். எங்கே வேலை, என்ன வேலை, எந்தக் கை, எல்லாம் சொன்னேன். "அதனாலதான் வந்துதா டாக்டர்? நாந்தான் குடுத்தனா?" அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். "கதிர்வீச்சால இப்படி வராது. ஓடி நின்னா வந்து, மருந்துல போயி, திண்டிவனத்துல குறையிறது அது இல்ல. இந்தத் தன்மை அவனுக்குப் பொறவியிலயே இருந்திருக்கலாம். நீங்க வேலையில இருந்து எதையும் கொண்டு வரல. கடையில இருந்து கொண்டு வந்தீங்க. அந்த நெடி ஏற்கெனவே எரிஞ்சுகிட்டிருக்குற குழாய தினம் கிளறி விட்டிருக்கு. வாளிய கவுத்துடுங்க." பேனாவை மறுபடி திறந்துகொண்டே, "இத யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே" என்றார். நான் அழுதேன், அமல். ஆனந்தமா அவமானமா என்று பிரிக்க முடியாத அழுகை. உன்னைக் காப்பாற்ற நான் கரைத்த ஒவ்வொரு வாளியும் உன் நெஞ்சை அடைத்திருக்கிறது. அதைக் கேட்டும் எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. வெளியே வந்து உங்கள் இருவருக்கும் ஆளுக்கு இரண்டு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். "இன்னா திடீர்னு?" என்று அம்மா சந்தேகமாகப் பார்த்தாள்.

திங்கட்கிழமை மூர்த்தி சாரிடமும் சொன்னேன். அவர் என் பெயரில் இருந்த கதிர்வீச்சுப் பதிவை எடுத்து மாதம் மாதமாகக் காட்டினார், ஒன்றிலும் ஒன்றும் இல்லை. பிறகு திட்டினார் பார், அப்படி ஒரு திட்டு. "நாலு வருசமா மனசுல வச்சிகினு இருந்தியா? ஒரு வார்த்த கேட்டிருந்தா மெஷின தூக்கிகினு உன் வூட்டுக்கே வந்திருப்பேனே! கேக்குறதுக்கு இன்னா பேஜாரு உனுக்கு?" உனக்கு நான் சொல்லத் தகுந்த புத்திமதி ஒன்று உண்டென்றால் அது அவருடைய திட்டுதான். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறக்கலாம், அதுவும் ஓடி நின்று இருமலாம். அப்போது நீயாக ஒரு காரணத்தைக் கட்டிக்கொண்டு அதோடு குடித்தனம் நடத்தாதே. பிள்ளையிடம் கேள், டாக்டரிடம் கேள், ஸ்டெல்லாவிடம் சொல். அந்தப் பெண்ணுக்குக் காது இருக்கிறது, வாயும் இருக்கிறது, நேற்றே பார்த்துவிட்டேன்.

வாளியைக் கவிழ்த்தேன், சீட்டைத் திருப்பி வாங்கினேன், கொஞ்சம் கொஞ்சமாக நீ ஓட ஆரம்பித்தாய். ஒன்பதாம் வகுப்பு விளையாட்டு விழாவில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடி ஐந்தாவதாக வந்தாய். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். நீ நின்றதும் இருமலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வெறும் மூச்சுதான் வந்தது, பெரிய பெரிய மூச்சு. அவ்வளவு நல்ல சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஓடிப்போய் உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. பயம் போய்விட்டது, தடுக்க ஒன்றும் இல்லை. ஆனால் கை எழவில்லை. நாலு வருடம் கிட்டே வராதே என்று சொன்னவன் திடீரென்று எப்படிக் கிட்டே போவது? நீயும் என்னைச் சுற்றிக்கொண்டு அம்மாவிடம் போனாய். கோபத்தில் இல்லை, பழகிவிட்டது. அன்று ஆரம்பித்தது இன்றைக்கும் அப்படியே. காலேஜுக்குப் போனபோது, வேலைக்குச் சேர்ந்தபோது, நேற்று மோதிரம் மாற்றிய பிறகு சம்பந்தி உன்னை இறுக்கி அணைத்தாரே, அப்போதும், நாம் இருவரும் தலையை ஆட்டிக்கொண்டோம். தலையாட்டுவதில் நம்மை மிஞ்ச ஆள் இல்லை.

இன்று காலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். "அவன் புடிக்காத புள்ளன்னு நெனச்சிகினு வளந்துட்டான்யா" என்றாள். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு போய் இந்தத் தாளையும் பேனாவையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

உன்னை எனக்குப் பிடிக்கும், அமல். நீ பிறந்த நாளிலிருந்து பிடிக்கும், தொடாமல் இருந்த நாலு வருடமும் அதனால்தான் தொடவில்லை. இதற்குப் பதில் எழுத வேண்டாம், போனிலும் எதுவும் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் நீ வரும்போது பஸ் நிறுத்தத்துக்கே வருகிறேன். ஊர் பார்க்கும், பார்க்கட்டும். நான்தான் முதலில் வருவேன். நீ ஒதுங்காமல் நின்றால் போதும்.

உன்
அப்பா